நாலு மணி நேரத்தில் கைமாறிய தோட்டங்கள்: கத்ரி கம்பெனியும் லண்டன் 'விடிகாலை ரெய்டும்'

1981 செப்டம்பர் 7, திங்கட்கிழமை. லண்டன் பங்குச் சந்தையில் அன்றைக்குக் காலை வியாபாரம் தொடங்கி நாலு மணி நேரத்துக்குள் ஒரு கம்பெனி கைமாறிவிட்டது. பெயர் கத்ரி கார்ப்பரேஷன். அலுவலகம் லண்டனில். சொத்து மலேசியாவில்: ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். வாங்கியது மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், சுருக்கமாக பி.என்.பி.

மலேசிய வரலாற்றில் இந்தச் சம்பவத்துக்கு 'டான் ரெய்டு' என்றே பெயர். விடிகாலைத் தாக்குதல். துப்பாக்கி இல்லை, கோர்ட்டு இல்லை, நாட்டுடைமைச் சட்டம் இல்லை. சில தொலைபேசி அழைப்புகள், அவ்வளவுதான்.

கம்பெனி வரலாறுகளைத் தோண்டிப் படிப்பது எனக்குப் பழக்கம். இந்தக் கதை மட்டும் என்னை விடவே இல்லை. காரணம், அந்த 2 லட்சம் ஏக்கரில் பால்மரம் சீவியவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்ம ஆட்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல பக்கமிருந்தும் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் குடியிருந்த நிலத்துக்கு ஒரு திங்கட்கிழமை புது முதலாளி வந்தார். அது எப்படி நடந்தது, அவர்களுக்கு அதில் என்ன இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், டான் ரெய்டுன்னா என்ன?

ஊரில் ஒரு பெரிய பூர்வீக வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரிசுகள். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் பம்பாயில், இரண்டு பேர் வெளிநாட்டில். வீட்டில் குடியிருந்து நிர்வாகம் பார்ப்பவர் ஒரே ஒரு தம்பி. அந்த வீட்டை வாங்க ஆசைப்படுகிற வெளியாள் தம்பியிடம் போய்க் கேட்டால், தம்பி மாட்டேன் என்பார். மற்ற ஏழு பேருக்கும் செய்தி போகும். கூடிப் பேசுவார்கள், விலையை ஏற்றுவார்கள், வேறு ஆளைக் கூட்டிவருவார்கள்.

அதற்குப் பதிலாக, ஒரே நாள் காலையில் ஏழு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, "சந்தை விலையைவிட அதிகம் தருகிறேன், பணம் தயார், ஆனால் இன்னும் அரை மணி நேரத்தில் பதில் வேண்டும். மற்றவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால்? ஒவ்வொருத்தருக்கும் ஒரு பயம் வரும். மற்ற ஆறு பேரும் விற்றுவிட்டால் நம் பங்கை அப்புறம் யார் வாங்குவார்? தம்பிக்கு விஷயம் தெரிவதற்குள் வீடு போய்விடும்.

கம்பெனி விஷயத்திலும் இதேதான். பெரிய கம்பெனிகளுக்கு ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள் இருந்தாலும், 1970களின் லண்டனில் பெரும்பகுதிப் பங்குகள் ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டுக் கம்பெனிகள், முதலீட்டு நிதிகள் கையில்தான் குவிந்திருந்தன. அவற்றை நடத்தும் மேலாளர்கள் சில பேர். தரகு நிறுவனத்துக்கு அத்தனை பேரின் தொலைபேசி எண்ணும் தெரியும். இன்றைக்கு மாதிரி கணினித் திரையில் எல்லோருக்கும் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகிற சந்தையும் அது இல்லை. 1986 அக்டோபரில் நடந்த பெரிய சீர்திருத்தம் வரைக்கும் லண்டன் சந்தையில் ஆட்கள் நேருக்கு நேர் நின்று பேசித்தான் வியாபாரம் செய்தார்கள்.

விலையில் கொஞ்சம் கூடுதல், நேரத்தில் நெருக்கடி, முன்கூட்டி ஒரு வார்த்தை வெளியே போகாத ரகசியம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டான் ரெய்டு.

வழி காட்டியது யார்?

இந்த முறையை உலகப் பிரபலமாக்கியது மலேசியா இல்லை. கத்ரிக்குப் பத்தொன்பது மாதம் முன்பு, 1980 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. வைரத்துக்குப் பேர்போன டி பியர்ஸ் கம்பெனிக்காக, ரோ அண்ட் பிட்மன் என்ற லண்டன் தரகு நிறுவனம் களத்தில் இறங்கியது. குறி, கன்சாலிடேட்டட் கோல்டு ஃபீல்ட்ஸ் என்ற சுரங்கக் கம்பெனி. சுமார் அரை மணி நேரத்தில் 1 கோடியே 65 லட்சம் பங்குகள். ஒரு பங்கு 616 பென்ஸ் வீதம் கிட்டத்தட்ட 10 கோடி பவுண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் காலைக்கு முன்னால் நடந்த வேலை. ஒருவர் ஒரு கம்பெனியில் 5 சதவீதம் தொட்டால் அதை வெளியே சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டம் இருந்தது. அதனால் டி பியர்ஸும் அதன் கூட்டாளியான ஆங்கிலோ அமெரிக்கன் குழுமமும் பல கம்பெனிகள் பெயரில் பிரித்துப் பிரித்து வாங்கின. ஒவ்வொன்றும் 5 சதவீதத்துக்குக் கீழே. மாதக்கணக்கில் இப்படிச் சேர்த்தது 14 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை மிச்சத்தை ஒரே வீச்சில் அள்ளி, 25 சதவீதத்தில் போய் நின்றார்கள்.

ஏன் 25? லண்டனின் கையகப்படுத்தல் விதிப்படி, 30 சதவீதத்தைத் தொட்டால் மீதிப் பங்குதாரர்கள் எல்லோரிடமும் வாங்கிக்கொள்வதாக அறிவித்தாக வேண்டும். அதற்குக் கீழே நின்றுகொண்டால் அந்தச் செலவு இல்லை, ஆனால் கம்பெனியில் பெரிய கை நீங்கள்தான்.

பெரிய நிறுவனங்களுக்குத்தான் போன் போனது. பத்திரமோ நூறு பங்கோ வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ, கடைக்காரருக்கோ போகவில்லை. அவர் செய்தி கேட்டுத் தன் தரகரைக் கூப்பிட்டபோது, அந்த 616 பென்ஸுக்கு வாங்க ஆளில்லை. கத்தல் எழுந்தது. பிரிட்டிஷ் வர்த்தகத் துறை விசாரணை வைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் புது விதி வந்தது: 15 முதல் 30 சதவீதத்துக்கு இடைப்பட்ட எல்லைக்குள், ஒரு வாரத்தில் ஒரு அளவுக்கு மேல் அள்ளக்கூடாது. பல பெயரில் பிரித்து வாங்கினால் கூட்டாகக் கணக்குக் காட்டவேண்டும் என்று 1981 கம்பெனிச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

இந்த விதி யாரைத் தடுத்தது என்று பாருங்கள். பாதி வழியில் நின்றுகொண்டு, முழு விலை கொடுக்காமல் கட்டுப்பாட்டைப் பிடிக்க நினைப்பவரைத் தடுத்தது. 'எனக்கு முழுக் கம்பெனியும் வேண்டும், எல்லோருக்கும் பணம் தருகிறேன்' என்று வருகிறவருக்குக் கதவு திறந்தேதான் இருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் கோலாலம்பூர் உள்ளே வந்தது.

நிலம் அங்கே, சாவி இங்கே

கத்ரி சாதாரணக் கம்பெனி இல்லை. அலெக்சாண்டர் கத்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1821ல் சிங்கப்பூரில் தொடங்கியது. ராஃபிள்ஸ் அங்கே கொடி நட்டு இரண்டே வருஷம் ஆகியிருந்தது. முதலில் ஏற்றுமதி இறக்குமதி. பிறகு ரப்பர் வந்தது.

1910ஐ ஒட்டி ரப்பர் விலை தாறுமாறாக ஏறியபோது, மலாயாவில் காட்டை அழித்துத் தோட்டம் போடப் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணத்தை லண்டனில் பங்கு விற்றுத் திரட்டினார்கள். 2 ஷில்லிங் முகமதிப்புள்ள பங்குகளை பிரிட்டனின் நடுத்தர வர்க்கத்தார் ஓடிவந்து வாங்கினார்கள். மலாயாவைப் பார்க்காதவர்கள், பால்மரம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள். கத்ரி போன்ற ஏஜென்சி நிறுவனங்கள் அந்தத் தோட்டக் கம்பெனிகளை நிர்வகித்தன.

பணம் அங்கிருந்து வந்தது, உழைப்பு இங்கிருந்து போனது. 1910ல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தபின் கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து, உறவுக்காரனையும் சாதிக்காரனையும் அழைத்துப் போனார். 1938ல் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது. அப்படிப் போனவர்கள் விடியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, இருட்டோடு மரத்தடிக்குப் போனார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். நாள் சம்பளம், லயத்தில் வீடு, பெயருக்கு ஒரு தமிழ்ப்பள்ளி. வீடும் வேலையும் ஒரே முடிச்சு. வேலை போனால் வீடும் போகும்.

1957ல் மலாயா விடுதலை அடைந்தது. கொடி மாறியது, தேசிய கீதம் மாறியது. தோட்டங்களின் உரிமைப் பத்திரம் லண்டனிலேயே இருந்தது. 1970ல் தீபகற்ப மலேசியாவின் கம்பெனிப் பங்குகளில் 63 சதவீதம் வெளிநாட்டார் கையில். மலாய்க்காரர்களிடம் 2.4 சதவீதம். இந்தியர்களிடம் 1.1 சதவீதம். இது அரசின் கணக்கு.

1969 மே 13 கலவரத்துக்குப் பின் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1990க்குள் மலாய்க்காரர்கள் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு 30 சதவீதம், மற்ற மலேசியர்களுக்கு 40, வெளிநாட்டாருக்கு 30 என்று இலக்கு. அந்தப் பங்குகளைப் பூமிபுத்ராக்கள் சார்பில் வாங்கி வைக்க 1978ல் உருவானதுதான் பி.என்.பி. தலைவர் துன் இஸ்மாயில் அலி. மத்திய வங்கியின் ஆளுநராகப் பதினெட்டு வருஷம் இருந்தவர், கணக்கில் கறார். நிர்வாகத்தை நடத்தியவர் காலிட் இப்ராஹிம் என்ற இளைஞர். பிற்பாடு சிலாங்கூர் மாநில முதல்வர் ஆனவர் இவர்தான்.

நிலத்தைப் பறிமுதல் செய்யலாமே என்று நீங்க கேக்கலாம். பல நாடுகள் செய்தன. மலேசியா செய்யவில்லை. வெளிநாட்டு முதலீடு ஓடிவிடும் என்ற பயம் ஒரு காரணம். 'சந்தையில் வாங்குவோம், யாரும் குறை சொல்ல முடியாது' என்பது அவர்கள் நிலை. ஏற்கெனவே 1970களின் நடுவில் சைம் டார்பி என்ற இன்னொரு பெரிய பிரிட்டிஷ் கம்பெனியை இப்படிப் பங்கு வாங்கி வசப்படுத்தியிருந்தார்கள். அந்த சைம் டார்பியே 1979ல் கத்ரியை வாங்க வெளிப்படையாக முயன்றது. கத்ரி நிர்வாகம் எதிர்த்து நின்றது. முயற்சி தோற்றது.

எட்டு வாரிசு வீட்டில் தம்பியிடம் நேரே போய்க் கேட்டதன் விளைவு அது.

அந்த நாலு மணி நேரம்

1981ல் பி.என்.பி. கையில் கத்ரியின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இருந்தது. ஆனால் கம்பெனி நடப்பதில் அதற்குச் சொல் இல்லை. அந்த வருஷம் கத்ரி தன் வியாபாரக் கிளை ஒன்றை, மலேசியச் சீனர் கட்சியின் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. பி.என்.பி.க்கு இது பிடிக்கவில்லை. இப்படியே விட்டால் தோட்டங்களும் துண்டு துண்டாகப் போகும் என்ற கவலை வந்தது.

ஜூலை 16ல் மகாதீர் பிரதமரானார். அவர் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலிட் குழுவினர் லண்டனில், ரோத்ஸ்சைல்டு வங்கியின் ஆலோசனையோடு தயாரானார்கள். செப்டம்பர் 7 காலை பெரிய பங்குதாரர்களுக்கு ஒருவர்பின் ஒருவராகக் கேள்வி போனது. பங்குகள் வந்து குவிந்தன. மதியத்துக்குள் பாதிக்கு மேல் பி.என்.பி. வசம். கத்ரி இயக்குநர்கள் என்ன நடக்கிறது என்று விசாரிக்கும்போதே விஷயம் முடிந்திருந்தது. மீதிப் பங்குதாரர்களுக்கும் விதிப்படி விலை கொடுக்க முன்வந்தார்கள். டி பியர்ஸ் கதைக்கும் இதற்கும் இது ஒரு முக்கியமான வித்தியாசம்.

இரண்டு வருஷம் முன்பு ஒற்றுமையாக எதிர்த்த அதே பங்குதாரர் வட்டம் இந்த முறை ஏன் சரிந்தது? அப்போது யோசிக்க வாரக்கணக்கில் நேரம் இருந்தது. நிர்வாகம் கடிதம் எழுதியது, 'விற்காதீர்கள்' என்று கேட்டது, பங்குதாரர்களும் கேட்டார்கள். இம்முறை நிர்வாகம் வாய் திறக்கவே நேரமில்லை. ஓய்வூதிய நிதியின் மேலாளருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: நல்ல விலை, ஓடும் கடிகாரம். கத்ரியின் நூற்றறுபது வருஷப் பாரம்பரியம் அவர் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது.

எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. பால்மரத்தைப் பார்க்காத ஆயிரம் பேரிடம் பங்கு விற்றதால்தான் மலாயாவில் அந்தத் தோட்டங்கள் முளைத்தன. அதே வசதிதான், அவற்றைப் பார்க்காத சில பேரை ஒரு காலையில் விற்க வைத்தது.

விதி யாருக்கு?

லண்டனில் கொதித்தார்கள். கொல்லைப்புற நாட்டுடைமை என்று எழுதினார்கள். டி பியர்ஸ் செய்தபோதும் முணுமுணுப்பு வந்ததுதான், ஆனால் அதில் ஒரு சாமர்த்தியத்தைப் பார்த்த ரசிப்பும் கலந்திருந்தது. ஒரு முன்னாள் காலனி அதே வித்தையை, அவர்கள் ஊர் வங்கியின் ஆலோசனையோடு, அவர்கள் விதிக்குள் நின்று செய்தபோது ரசிக்க ஆளில்லை.

அடுத்து, இத்தகைய திடீர்க் கொள்முதலுக்கான விதிகளை லண்டன் மேலும் இறுக்கியது. நம்மைக் குறிவைத்துத்தான் என்று மகாதீர் எடுத்துக்கொண்டார். அதோடு வெளிநாட்டு மாணவர்களுக்குப் பிரிட்டன் கல்விக் கட்டணத்தை ஏற்றியிருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. அக்டோபரில் 'பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு' என்ற கொள்கை வந்தது. அரசுத் துறைகள் பிரிட்டனிடம் எதை வாங்குவதானாலும் பிரதமர் அலுவலகத்தைக் கேட்டாக வேண்டும். வேறு நாட்டில் கிடைக்காதா என்று முதலில் பார்க்க வேண்டும். தாட்சர் அரசோடு பேசி 1983 ஏப்ரலில்தான் அதை விலக்கினார்கள்.

மற்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனிகளுக்கும் பாடம் புரிந்தது. 1982ல் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு தன் மலேசியத் தோட்டங்களைப் பேசி முடித்துக் கைமாற்றியது. இரண்டாவது முறை ரெய்டு தேவைப்படவில்லை.

லயத்தில் என்ன மாறியது?

1981ல் தீபகற்ப மலேசியாவின் நேரம் லண்டன் கோடைக்கால நேரத்துக்கு ஆறரை மணி முன்னால். லண்டனில் காலை 9 மணி என்றால் தோட்டத்தில் பிற்பகல் 3:30. அன்றைய பாலை நிறுத்துப் போட்டு, குளித்து, கோழிக்குத் தீனி வைக்கிற நேரம். லண்டனில் எல்லாம் முடிந்தபோது இங்கே விளக்கு வைத்தாகிவிட்டது. அடுத்த நாள் விடியுமுன் அதே பெரட்டு, அதே தண்டல், அதே மரம்.

பங்குகளை விற்றவர்களுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. வாங்கிய நாட்டுக்கு நிலம் கிடைத்தது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்களுக்கு?

பி.என்.பி.யின் முதலீட்டு லாபம் சாதாரண மக்களைச் சேர வேண்டும் என்று, 1981 ஏப்ரலில் அமானா சஹாம் நேஷனல் என்ற யூனிட் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஒரு யூனிட் 1 வெள்ளி. கிராமத்து மலாய் விவசாயியும் வாங்க முடிந்தது. நல்ல திட்டம். ஆனால் பூமிபுத்ராக்களுக்கு மட்டும். தோட்டத்துத் தமிழர் கையில் அந்த 1 வெள்ளி இருந்தாலும் வாங்க முடியாது. துரையின் தோட்டம் தேசத்தின் தோட்டம் ஆனது. அந்தத் தேசத்தின் கணக்குப் புத்தகத்தில் அவருக்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் முதலாளியே இருந்திருந்தால் நிலைமை மேலாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்காது. 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் துயரத்தைப் பார்த்துத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் 10 வெள்ளி தவணையில் பங்குப் பணம் சேர்த்தார். அப்படிச் சேர்ந்த காசில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் இன்னும் பல.

இந்த இரண்டு வாங்குதலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டுமே வெள்ளைக்காரனிடமிருந்து நிலத்தைக் காசு கொடுத்து மீட்டதுதான். ஒன்றுக்கு நாலு மணி நேரம், இன்னொன்றுக்குப் பல வருஷம். நாலு மணி நேரத்தில் வாங்க ஒரு அரசின் கஜானாவும் ஒரு வங்கியும் பின்னால் நிற்க வேண்டும். 10 வெள்ளிக்காரர்களுக்கு ரகசியம் காக்கவும் முடியாது, வேகம் காட்டவும் முடியாது. ஒவ்வொரு லயத்துக் கதவையும் தட்டிச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் வாங்கி முடித்தபோது தோட்டத்தில் வேலை செய்தவர் பெயர் பங்குப் பதிவேட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. ஷா ஆலமில் இன்றைக்குப் பணக்காரக் குடியிருப்பாக இருக்கும் புக்கிட் ஜெலுத்தோங், கத்ரி தோட்டமாக இருந்த இடம். நாள் சம்பளத்தை மாதச் சம்பளமாக்க வேண்டும் என்ற தொழிற்சங்கத்தின் கோரிக்கை, ரெய்டு நடந்து இருபது வருஷம் ஆனபின்னும் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தது. இந்தியர் வசம் 1970ல் 1.1 சதவீதம் இருந்த கம்பெனிப் பங்கு, 2004ல் 1.2 சதவீதம். அதுவும் அரசுக் கணக்குதான்.

கடைசியாக

கம்பெனியைக் கைப்பற்றும் கதைகளில் நாம் பெரும்பாலும் இரண்டு தரப்பைத்தான் பார்க்கிறோம்: பிடிப்பவர், பிடிபடுபவர். டி பியர்ஸுக்குப் பிறகு வந்த விதிகள் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தன, சின்னப் பங்குதாரர். அவருக்கு நேரம் கொடு, அதே விலையைக் கொடு என்றன. இந்தியாவில் செபி வைத்திருக்கும் விதிகளிலும் அதே எண்ணம் இருக்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டினால் மற்றவர்களுக்கும் விலை சொல்லியாக வேண்டும். நல்ல விதிதான்.

நாலாவது ஆளுக்கு இன்றுவரை விதி இல்லை. பங்கு வைத்திராமல் அந்தச் சொத்தின் மேலேயே வாழ்கிறவர் அவர். திடீர்த் தாக்குதலின் பலமே, கேட்க வேண்டியவர்களின் எண்ணிக்கையை முடிந்த அளவு குறைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. அப்படிக் குறைக்கும்போது முதலில் விடுபடுகிறவர் யார் என்பதை கத்ரி கதையில் பார்க்கலாம். நாடு தன் நிலத்தை மீட்டது சரி. மீட்ட பிறகு லயத்துக்காரரிடம் கேட்க நாலு மணி நேர நெருக்கடி எதுவும் இல்லையே. நாற்பது வருஷம் இருந்தது.

2007ல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றையும் இணைத்தார்கள், பழைய பெயர் மறைந்தது. பிறகு 2024ல் அந்தத் தோட்டக் கம்பெனி தன் பெயரை எஸ்.டி. கத்ரி என்று மாற்றிக்கொண்டது. 1821ல் சிங்கப்பூரில் கடை போட்ட ஸ்காட்லாந்துக்காரர் பெயர், மலேசிய அரசு நிறுவனங்கள் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் பலகையில் மறுபடி ஏறியிருக்கிறது. மரம் நட்டவர்கள் பெயரில் அங்கே ஒரு பலகையும் இல்லை.